மிஷினுக்கு சிக்னல் கிடைத்த நேரம்

கோச்சடை, மதுரை
ஐப்பசி 22, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பாண்டிமீனாவுக்கு அப்பா முத்துக்கருப்பன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகமாக இருக்கிறேன். உன் அத்தை அடுத்த தெருவிலிருந்து வேளை தவறாமல் சோறு கொடுத்து விடுகிறாள், அதனால் சாப்பாட்டுக்குக் குறையில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரன் முத்துக்குமரனும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் காலையில் திருப்பரங்குன்றத்துப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் கடை திறக்கிறேன். வைகையில் தண்ணீர் வந்துவிட்டது, நம் தெருக் கிணற்றிலும் ஊற்று ஏறியிருக்கிறது. முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போதுதான் பிடிக்கிறது. நம் லோடு ஆட்டோ ஓட்டும் காளை தன் மகளைக் காலேஜில் சேர்த்துவிட்டான், உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னான். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே, எதற்கு அப்பா பேனாவைப் பிடித்திருக்கிறார் என்று நினைப்பாய். சொல்லவேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. வீடியோ காலில் உன் முகத்தைப் பார்த்தால் பாதியில் நிறுத்திவிட்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன், இரண்டு தடவை அப்படித்தான் ஆனது. மாப்பிள்ளையின் சிநேகிதர் கிருஷ்ணபிரசாத் வியாழக்கிழமை ஆக்லாந்து திரும்புகிறாராம், பருப்புப்பொடியோடு இதையும் அவரிடம் கொடுத்து விடுகிறேன். பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து படி.

நம் கடையில் சாமியானாவும் நாற்காலியும் முன்போல ஓடவில்லை, ஐஸ் பெட்டிதான் ஓடுகிறது. வெளியூர்ப் பிள்ளைகள் வந்துசேரும் வரை இறந்தவர்களைக் கெடாமல் வைத்திருக்கவேண்டியிருக்கிறதே, அதனால் அந்தப் பெட்டிக்கு ஓய்வே கிடையாது. ஆடி மாதம் பேங்கில் கையடக்கமான கார்டு மிஷின் ஒன்று கொடுத்தார்கள் அல்லவா, அதற்குள் ஒரு சிம் இருக்கிறது, அது சிக்னல் எடுக்காத இடத்தில் நம் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, மிஷினில் வைஃபைக்குப் போய் நம் போன் பெயரைத் தேடி, பாஸ்வேர்டு அடித்தால் போன் நெட்டிலேயே வேலை செய்யும் என்று நீதான் ஒரு மணி நேரம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாய். நான் முதல் தடவை சரியாகப் போட்டதும் அங்கிருந்தே கைதட்டினாய். இனி எழுதுவதைப் படித்துவிட்டு, நாம் சொல்லிக்கொடுத்ததால்தானே இப்படி ஆனது என்று மட்டும் நினைத்துவிடாதே. நீ சொல்லிக்கொடுத்ததில் ஒரு தப்பும் இல்லை.

புரட்டாசி கடைசி வாரத்தில் திருப்பரங்குன்றத்துக்கு மேற்கே, கண்மாய்க்கரையை ஒட்டிய ஒரு ஊருக்குப் பெட்டி கேட்டு விடியற்காலையில் போன் வந்தது. இறந்த அம்மா பெயர் ரெங்கம்மாள். அறுபத்தொரு வயது, வீட்டில் தையல் மிஷின் போட்டு ஊர்ப் பெண்களுக்கெல்லாம் ஜாக்கெட் தைத்துக்கொடுத்தவர். புருஷன் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது, ஒரே மகள் பவதாரிணி. அந்தப் பெண் டென்மார்க்கில் இருக்கிறாள், எட்டாவது மாதம், விமானத்தில் ஏற்றமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். பெரியப்பா மகன் செல்வக்குமார்தான் கோயம்புத்தூரிலிருந்து வந்து எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் காளையும் பெட்டியை இறக்கிவைத்து அந்த அம்மாவைப் படுக்கவைத்து முடித்ததும் அவர் என்னிடம் வந்து, “அண்ணே, உங்க போன்ல நெட்டு எடுக்குதா? எங்க யாருக்கும் இங்க டவர் கெடைக்கல. தங்கச்சி அம்மாவப் பாக்கணும்னு அழுதுகிட்டு இருக்கு” என்றார். அந்த ஊரில் என் போனில் இருக்கும் சிம் ஒன்றுக்குத்தான் சிக்னல் இருந்தது. நான் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்தேன். அவர் மனைவி ஒரு டேப்லெட்டை இணைத்து, பெட்டிக்குத் தலைமாட்டில் நாற்காலி போட்டுச் சாய்த்துவைத்தார்.

ரெங்கம்மாளின் தங்கை நாகஜோதி அதை ஒப்பவில்லை. “வயித்துப் புள்ளக்காரி இதப் பாக்கக் கூடாதுடா, அந்தப் புள்ள வயித்துல இருக்குறதுக்கு ஆகாது” என்று செல்வக்குமாரிடம் சண்டைக்குப் போனார். டேப்லெட்டிலிருந்து அந்தப் பெண் சத்தமே போடாமல், “சித்தி, எங்கம்மாவ நான் பாக்காம யாரு பாக்குறது?” என்றது. நாகஜோதி திண்ணைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்தப் பெண் திரைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது மீனா. அழுதது கொஞ்சம்தான், பார்த்துக்கொண்டே இருந்தது. பெட்டியின் மேல் கண்ணாடியில் பனி படியும், உனக்குத் தெரியுமே. ஒரு தடவை நான் அந்தப் பக்கம் போனபோது, “ஐயா, கண்ணாடி மங்குது, முகம் தெரியல. கொஞ்சம் தொடச்சுவிடுறீங்களா?” என்றது. அதற்குப் பிறகு கேட்கவிடவில்லை, அரைமணிக்கு ஒரு தடவை நானே போய்த் துடைத்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் “தேங்க்ஸ் ஐயா” என்றது. என் போனுக்குச் சார்ஜ் இறங்காமல் இருக்க வயரைப் போட்டு ஜன்னலிலேயே வைத்துவிட்டேன். அன்றைக்கு முழுதும் அந்த வீட்டுக்கு நான் ஏதோ பெரிய உதவி செய்கிற மாதிரி எனக்கே ஒரு நினைப்பு.

நாலு மணிக்கு அந்த அம்மாவை வெளியே எடுத்துக் குளிப்பாட்டி, பந்தலில் கிடத்தினார்கள். டேப்லெட்டையும் அங்கேயே கொண்டுபோய் வைத்தார்கள். பெட்டி காலியானதும் காளை ஏற்ற ஆரம்பித்துவிட்டான், ஆனையூரில் இன்னொரு வீட்டிலிருந்து மூன்று தடவை போன் வந்துவிட்டது. நான் செல்வக்குமாரை ஓரமாகக் கூப்பிட்டு, “தம்பி, வாடகையை முடிச்சுவிட்டீங்கன்னா நாங்க கெளம்பிருவோம்” என்றேன். நானாகத்தான் கேட்டேன் மீனா. அரைமணி பொறுத்திருந்தால் ஆனையூர் எங்கேயும் ஓடிப்போயிருக்காது. கூகுள் பேயில் அன்றைய லிமிட் முடிந்துவிட்டது என்று அவர் கார்டை நீட்டினார். மிஷினை எடுத்துத் தட்டினால் உள்ளிருக்கும் சிம்மில் ஒரு கோடு கூட சிக்னல் இல்லை. சுவரோரம் போய்ப் பார்த்தேன், வாசலுக்கு வெளியே போய்ப் பார்த்தேன். கடைசியில் ஜன்னலில் இருந்த போனை எடுத்துக்கொண்டு, நீ சொல்லிக்கொடுத்தபடி வைஃபைக்குப் போனேன். என் போன் பெயர் வந்தது. பாஸ்வேர்டு கேட்டது. அதில் எழுத்தும் நம்பரும் கலந்து நடுவில் ஒரு குறியும் இருந்தது. மிஷினில் ஒரு எழுத்துக்கு ஒரே பட்டனை மூன்று நாலு தடவை அமுக்கவேண்டும், இரண்டு தடவை அடித்தும் தப்பு என்று வந்துவிட்டது. எனக்குப் பின்னால் கொட்டுச் சத்தம் கூடியது, பெண்கள் சத்தமும் கூடியது. செல்வக்குமார் அந்தப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஒரு நிமிஷம் தம்பி, ஒரு நிமிஷம் என்று நான் அவரை நிறுத்திவைத்தேன். பிறகு ஒரு யோசனை தோன்றியது. போனில் பாஸ்வேர்டையே மாற்றி, ஒன்றிலிருந்து எட்டு வரை வெறும் நம்பராக வைத்தேன். ஹாட்ஸ்பாட் ஒரு தடவை அணைந்து மறுபடி வந்தது. மிஷினில் அடித்ததும் உடனே பிடித்துக்கொண்டது. அவர் ரகசிய எண்ணைப் போட்டார், சீட்டு வந்தது. அப்போது எனக்கு மனசுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது மீனா, நாமாகவே கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டோம் என்று. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

திரும்பிப் பார்த்தால் பந்தலில் பெண்கள் மட்டும்தான் நின்றார்கள். தூக்கிக்கொண்டு தெருமுனை திரும்பிவிட்டார்கள். செல்வக்குமார் செருப்பைக் கூடப் போடாமல் பின்னால் ஓடினார். அவர் மனைவி டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்து, “அண்ணே, வாய்க்கரிசி போடுறதுக்கு முன்னாடியே லைன் போயிருச்சு. வைஃபை பாஸ்வேர்டு தப்புன்னு காட்டுது. நீங்க எதுவும் மாத்துனீங்களா?” என்று கேட்டார். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் மிஷினுக்குக் கதவைத் திறந்த நேரத்தில் அந்தப் பெண்ணை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. “இல்லம்மா, சிக்னல் போயிருச்சு. இந்த ஊரு அப்பிடித்தான்” என்றேன். அறுபத்து மூன்று வயதில் ஒரு சாவு வீட்டு வாசலில் நின்று பொய் சொன்னேன். பக்கத்தில் நின்ற நாகஜோதி கண்ணைத் துடைத்துக்கொண்டே, “சாமியே பாத்து அறுத்துவிட்டிருக்கு. அந்தப் புள்ள பாக்க வேணாம்னுதான்” என்றார். மற்ற பெண்களும் ஆமாம் என்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு வண்டியில் ஏறிவிட்டேன்.

பன்னிரண்டு நாள் மீனா. சோறு இறங்கவில்லை. பெட்டியை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் கண்ணாடியைத் துடைக்கும்போது “தேங்க்ஸ் ஐயா” என்று காதில் கேட்கிறது. காளைதான், “அண்ணே, என்னத்தையோ மனசுல போட்டுக் கொல்றீங்க, சொன்னாத்தான் தெரியும்” என்று பிடித்துக்கொண்டான். சொன்னேன். அவன் ஆறுதல் சொல்வான் என்று நினைத்தேன். “அந்தப் புள்ளகிட்டச் சொல்லிருங்கண்ணே. சிக்னல் மேலயும் சாமி மேலயும் பழியப் போட்டுட்டு எம்புட்டு நாளு ஓட்டுவீங்க?” என்றான். செல்வக்குமாரிடம் நடந்ததைச் சொல்லி நம்பர் வாங்கினேன். மறுநாள் மத்தியானம், அங்கே காலை வேளை, போன் போட்டேன். நான் யார் என்று சொன்னதும், “கண்ணாடி தொடச்ச ஐயாவா?” என்றது அந்தப் பெண். மிஷின், பாஸ்வேர்டு, நான் சொன்ன பொய், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். திட்டும் என்று காத்திருந்தேன். அது திட்டவில்லை. “நீங்க அங்கதான நின்னீங்க ஐயா? அம்மாவத் தூக்குறப்ப எப்படி இருந்துச்சு? யாரு வாய்க்கரிசி போட்டா? எல்லாரும் நல்லபடியா முடிஞ்சுதுன்னு மட்டும்தான் சொல்றாங்க. ஒருத்தரும் எனக்குச் சொல்ல மாட்டேங்குறாங்க” என்று கேட்டது. நான் என்ன சொல்வேன் மீனா? பத்தடி தூரத்தில்தான் நின்றேன், ஆனால் மிஷினைப் பார்த்துக்கொண்டு நின்றேன். “நானும் பாக்கலம்மா” என்றேன். அப்போதுதான் அந்தப் பெண் அழுதது. அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு நின்றேன். கடைசியில், ரெண்டு நாள் பொறு தாயி, நான் கேட்டுட்டு வாரேன் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் பஸ் பிடித்து அந்த ஊருக்குப் போனேன். நாகஜோதி வீட்டு வாசலில் நின்று முதலில் என் தப்பைச் சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார், கதவைச் சாத்திக்கொள்வார் என்று நினைத்தேன், செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உட்காரச் சொன்னார். அவரிடம் கேட்டேன், எதிர்வீட்டில் கேட்டேன், தூக்கியவர்களில் இரண்டு பேரை டீக்கடையில் பிடித்துக் கேட்டேன், கொட்டடித்தவரையும் தேடிப்போய்க் கேட்டேன். பெட்டிக்காரனுக்கு எதற்கு இதெல்லாம் என்று சிலர் சிரித்தார்கள். நான் வாடகை நோட்டின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். திரும்பிவந்து மறுநாள் மத்தியானம் போன் போட்டு அந்தப் பெண்ணுக்கு வாசித்துக் காட்டினேன். ஊதாக் கரை போட்ட சந்தன நிறச் சேலை, அந்தப் பெண்ணே போன வருஷம் எடுத்து அனுப்பியதாம், அதைத்தான் தூக்கும்போது மேலே போர்த்தினார்கள் என்றேன். எதிர்வீட்டுப் பெண் ரெங்கம்மாள் தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டைத்தான் அன்றைக்குப் போட்டிருந்தார் என்றேன். தீச்சட்டியை யார் பிடிப்பது என்று சித்தப்பாமார் இரண்டு பேரும் வாசலில் வைத்துச் சண்டை போட்டார்கள் என்றேன். அதற்கு அந்தப் பெண் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டது. “போட்டாங்களா? எங்கம்மா அப்பவே சொல்லும், நான் செத்தாலும் இவனுங்க திருந்த மாட்டானுங்கன்னு” என்றது. கடைசியாக நாகஜோதி சொன்னதை வாசித்தேன். அவர் தன் பங்குக்கு ஒரு பிடி அரிசி போட்டுவிட்டு நகராமல், இன்னொரு பிடி அள்ளி, “இது பவா போடுறது அக்கா, வாங்கிக்க” என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போட்டாராம். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. லைன் போய்விட்டதோ என்று பயந்துபோய் அம்மா, அம்மா என்று கூப்பிட்டேன். “இருக்கேன் ஐயா. திரும்ப ஒரு தடவ படிங்க” என்றது. மூன்று தடவை படித்தேன்.

போனை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன் மீனா. யாரோ பெற்ற பிள்ளைக்கு ஊர் ஊராகக் கேட்டு எழுதி வாசித்தேன். நான் பெற்ற பிள்ளைக்கு என்ன சொன்னேன் என்று நினைத்துப் பார்த்தேன். வருகிற மாசியோடு உன் அம்மா பாண்டியம்மாள் போய் மூன்று வருடம். குமரன் குறைமாதத்தில் பிறந்து பதினோராம் நாள், கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய் மாட்டிக் கிடந்தான், உன்னால் வரமுடியவில்லை. அம்மா எப்படிப்பா போச்சு என்று நீ கேட்டாய். தூக்கத்திலேயே போயிருச்சு தாயி, கூப்பிட நேரமில்லை, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது என்றேன். இதுவரை நீ அதற்குமேல் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

நேரம் இருந்தது தாயி. அன்றைக்கு மத்தியானம் மூன்று மணிக்கே அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரி வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள், டாக்டரும் முதல் நாளே வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். நிமிர்த்தி உட்காரவைக்கச் சொன்னாள், தலையணை வைத்து உட்காரவைத்தேன். அரை டம்ளர் காப்பி கேட்டாள், இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, “சீனி பத்தல” என்றாள். பேரன் எடை ஏறியிருக்கிறானா என்று கேட்டாள். ஏறிவிட்டான் என்றேன், எனக்குத் தெரியாது, சும்மா சொன்னேன். ஐந்து மணிக்கு நான் போனை எடுத்தேன் மீனா, உன் பெயரை எடுத்துவிட்டேன். அவள் பார்த்துவிட்டு, “அங்க நடுச்சாமம். பச்ச ஒடம்புக்காரி, இப்பத்தான் கண்ண மூடியிருப்பா. எழுப்பாதீக. காலையில பேசிக்கலாம்” என்றாள். நான் போனைக் கீழே வைத்துவிட்டேன். ஆறரை மணிக்குப் போய்விட்டாள். நடுவில் ஒன்றரை மணி நேரம் பேசிக்கொண்டுதான் இருந்தாள். நீ பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் நான் செருப்பைத் தொலைத்துவிட்டு வெறுங்காலோடு வந்ததைச் சொல்லிச் சிரித்தாள். உன் குரலை அவளும் அவள் குரலை நீயும் கேட்டிருக்கலாம். நான் எழுப்பியிருக்கவேண்டும். அவள் வேண்டாம் என்றுதான் சொல்வாள், அவள் எதைத்தான் வேண்டும் என்று கேட்டாள்? எனக்காவது புத்தி இருந்திருக்கவேண்டும்.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். நம் பெட்டியில்தான் வைத்தோம். யாரையும் தொடவிடாமல் நானே தூக்கிப் படுக்கவைத்தேன், கனமே இல்லை. குளிர் அளவை வழக்கம்போல வைக்கக் கை வரவில்லை. சித்திரை வெயிலிலும் ஃபேன் போட விடாதவள். குறைவாகவே வைத்தேன். “அண்ணே, இது பத்தாதுண்ணே” என்று காளை சொன்னான், கேட்கவில்லை. பிறகு அவன் எனக்குத் தெரியாமல் கூட்டிவைத்தான், எனக்குத் தெரிந்தும் பேசாமல் இருந்தேன். நீ வளைகாப்புக்கு எடுத்துக்கொடுத்த பச்சைச் சேலையைக் கட்டினார்கள். வாய்க்கரிசி உன் அத்தை போட்டாள், பக்கத்து வீட்டு டீச்சரம்மா போட்டார். உன் பெயரைச் சொல்லி ஒரு பிடி போட அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அதை நினைத்துத்தான் நேற்று முழுதும் அழுதேன். தூக்கியபோது நான் கூடவே போனேன், பாலம் வரை மழைத்தூறல் இருந்தது. இவ்வளவுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வேறு எதுவும் உனக்குக் கேட்கத் தோன்றினால் கேள், அத்தையிடமும் கேட்டுச் சொல்கிறேன்.

உன் மேல் எந்தக் குறையும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் அனுசரணையாக, பேரன் படிப்பும் ஆயுளுமாக, நூறு வருடம் நன்றாக இருக்கவேண்டும். குளிர் காலத்தில் கதகதப்பாக உடுத்து. குமரனுக்கு உன் அம்மாவின் போட்டோவைக் காட்டி அம்மாச்சி என்று சொல்லிக்கொடு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இதைப் படித்துவிட்டு என் மேல் கோபம் வந்தால் கோபத்தோடேயே போன் போடு, ஆறட்டும் என்று காத்திருக்காதே. இங்கே விடியவில்லையே, அப்பா தூங்கிக்கொண்டிருப்பாரே என்று பார்க்காதே. எந்த நேரமானாலும் என்னை எழுப்பு தாயி.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அப்பா,
சீ. முத்துக்கருப்பன்